ஜவ்வாது மலைப் புலி

“யோவ், இந்த எழவைக் கோத்தது யாரு?”

இரண்டு வாரத்துக்கு முந்தைய பேப்பரை விசிறியடித்தபடியே வேலூர் அச்சகத்துக்குள் நுழைந்தார் பாண்டுரங்கன். போளூரில் அந்தப் பத்திரிகைக்கு அவர்தான் நிருபர்.

அச்சுக் கோத்துக்கொண்டிருந்த கோபால்சாமி நிமிர்ந்தார். “நான்தாங்க. இன்னா சார் ஆச்சு?”

“‘ஜவ்வாது மலையில் புளி மரத்தடியிலேயே கிடக்கிறது. பாதையில்லாமல் மக்கள் தவிப்பு.’ இதானே நான் எழுதினது? புளியைப் புலி ஆக்கிட்டியே. பஸ் ஸ்டாண்டுல என்னைப் பார்த்து உறுமுறானுங்க. ஆசிரியர் என்னை வேலைய விட்டே தூக்கிடுவேங்கிறாரு.”

மலைக்குப் பாதை வேண்டும் என்று எழுதி எழுதி ஓய்ந்தவர் அவர். ஒரு வரிகூட வந்ததில்லை. கடைசியில் வந்ததும் இப்படி வந்து தொலைத்தால் வயிறு எரியாதா?

பின்னாலேயே ஒரு மூட்டையோடு வந்து நின்றார் மலைக்கார சடையன். அவர் முகம் நிறையச் சிரிப்பு.

“உடுங்க சார். புலி, புளி, எங்க வாயில ரெண்டும் ஒன்னுதான். புலி புடிக்கிற கூண்டு லாரி ஏறணும்னு பாரஸ்ட்காரங்க பத்தே நாள்ல பாதை வெட்டிட்டாங்க. புலி ஆப்புடல. எங்க புளி பூரா அந்த வழியாவே எறங்கிடுச்சி. முந்தாநாள் எங்க மருமவளக்கூட டோலி கட்டாம ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தோம். பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் சொகம்.”

மூட்டையைக் கோபால்சாமியின் காலடியில் இறக்கினார். “தப்பாப் போட்ட புண்ணியவானுக்குன்னு எடுத்தாந்தேன். கொட்ட எடுத்த புளி.”

“உனக்குப் பாதை வந்துச்சு. எனக்குப் பேரு போச்சு” என்றார் பாண்டுரங்கன். இருந்தாலும் குழந்தை சேதி கேட்டதில் குரல் பாதி இறங்கிவிட்டது. “பதினெட்டு வருஷமா கோக்கிறே. லகரம் ளகரம் தெரியலையாய்யா?”

“பிழை என்னுதுன்னு ஆசிரியர்கிட்ட நேத்தே ஒத்துக்கினேன் சார். நல்லா வாங்கிக் கட்டிக்கினேன். உங்க வேலைக்கு ஒன்னும் ஆவாது.”

கோபால்சாமி கை மையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“ஆனா, தெரியாம இன்னா சார்? உங்க சேதிய நாலு தரம் ‘புளி’ன்னுதான் கோத்தேன். புரூஃப் பாத்துட்டு நாலு தரமும் ‘இடமில்ல, எடுத்துடு’ன்னாரு ஆசிரியர்.”

“அஞ்சாந் தரம்?”

“‘புலி’ன்னு கோத்தேன். முதல் பக்கத்துலயே இடம் இருந்துச்சு.”