நாலாவது மாடியில் கூட்டம்

"தேர்தல் முடியட்டும்மா. அப்புறம் கூட்டத்த வச்சுக்கலாம்" என்றார் சங்கத் தலைவர், இழவு வீட்டுக்குப் போனவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. உள்ளே அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கமாகக் கீழ்த்தள ஹாலில்தான் நடக்கும். உள்ளாட்சித் தேர்தலுக்கு அதுதான் வாக்குச்சாவடி என்று அதிகாரிகள் நேற்றே பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார்கள்.

எதிரே நின்ற நாலாம் மாடிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. லிஃப்ட் படுத்து இரண்டு வருஷமாகிறது. புது லிஃப்ட் போடத் தீர்மானம் வருவதும், கீழ்த்தளமும் முதல் மாடியும் சேர்ந்து அதைத் தோற்கடிப்பதும் வாடிக்கையாகிவிட்டது. நான் ஏறாத லிஃப்டுக்கு நான் எதற்குப் பணம் தரணும் என்பது கீழ்த்தளத்தில் இருக்கும் தலைவரின் கட்சி.

"எங்க வீட்டுக்காரருக்குக் கால் விழுந்து மூணு மாசமாச்சு சார். தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து பயிற்சி கொடுத்தா நடந்துடுவார்னு டாக்டர் சொல்றார். தள்ளிப் போட்டுக்கிட்டே போனா அந்தக் கால் அவ்வளவுதானாம்."

"புரியுதும்மா. எடம் இல்லையே, நான் என்ன பண்றது?"

"எங்க வீட்டுல வைங்க சார். நாற்காலிக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பாதி வீடுகளாவது வராவிட்டால் கூட்டம் செல்லாது. தீர்மானமும் ஒரு வருஷத்துக்குக் கிடப்பில் போகும். மேல் மாடிக்காரர்கள் பாதிப் பேர் எந்தக் கூட்டத்திலும் தலை காட்டியதே இல்லை. கீழ் வீட்டுக்காரர்களைத் தடுத்துவிட்டால் போதும். அவள் புருஷனை நினைத்துக் கீழேயே இரண்டு மூன்று பேர் இளக ஆரம்பித்திருந்த நேரத்தில், இவளே வந்து தலையைக் கொடுக்கிறாளே!

"சரி, உனக்காக ஒத்துக்கறேன்" என்றார் பெருந்தன்மையாக.

வீட்டுக்குப் போன கையோடு மனைவியைக் கூப்பிட்டார். "கீழ்த்தளம், முதல் மாடி, ஒரு ஈ காக்கா மேல போகக் கூடாது. அது உன் பொறுப்பு."

ஞாயிற்றுக்கிழமை, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது, கடன் வாங்கிப் போட்ட நாற்காலிகள் காலியாகவே இருந்தன. உள்ளறைக் கட்டிலிலிருந்து அவள் கணவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளோ முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, படிக்கட்டை எட்டி எட்டிப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலைவர் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"அரை மணி நேரம் பாப்போம். வரலைன்னா கலைச்சுடலாம்" என்றார் செயலாளரிடம்.

இரண்டாம் மாடித் தம்பதி வந்தார்கள். கைக்கொன்றாக இரட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிப் பெண் வந்தாள். பின்னாலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு பேர். தலைவர் கடிகாரத்தையும் நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஊன்றுகோலோடு வந்த பெரியவரைப் பார்த்துத் தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார் என்றல்லவா நினைத்திருந்தார்!

"எந்தக் கூட்டத்துக்கும் வராதவராச்சே சார் நீங்க?"

"கீழ எறங்கத்தானேப்பா முடியாது? எதிர் வீட்டுக்கு வர்றதுக்கு என்ன? வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போடத்தான் கொடுத்து வைக்கல. இங்கயாவது போட்டுட்டுப் போறேன்."

அவர் உட்காருவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து இன்னொருவர், மூன்றாம் மாடியிலிருந்து மூன்று பேர். நாற்காலி போதாமல் ஜமுக்காளம் விரித்தார்கள். செயலாளர் எண்ணி முடித்து நிமிர்ந்தார். "பாதிக்கு மேலயே வந்தாச்சு தலைவரே. ஓட்டெடுப்ப ஆரம்பிச்சுடலாமா?"

தலைவர் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் மேல் மாடிக்காரர்கள். கீழ் வீட்டுக்காரர் என்று அந்த அறையில் இருந்தது அவர் ஒருவர்தான்.

"ஒரே நிமிஷம்" என்று பால்கனிக்கு ஓடி மனைவிக்குப் போன் போட்டார். "ஏய், கீழ இருக்கற அத்தனை பேரையும் உடனே மேல அனுப்பு!"

மறுமுனையில் மனைவி கிசுகிசுத்தாள்.

"எப்படிங்க அனுப்புறது? நீங்க சொன்னீங்கன்னு எல்லாரையும் சினிமாவுக்குல்ல கூட்டிட்டு வந்திருக்கேன்!"