ஸ்ட்ரைக் இல்லாத பல்கலைக்கழகம்

"இங்க ஸ்ட்ரைக் உண்டா?"

அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் நீச்சல்குளக் கரையில் நின்று அப்பா மறுபடியும் கேட்டார். ஆய்வகத்திலும் கேட்டார், பெண்கள் விடுதியிலும் கேட்டார்.

சுற்றிக்காட்ட வந்த இளைஞன் டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். "அந்த வார்த்தையே இங்க யாருக்கும் தெரியாதுங்கய்யா. நாலு வருஷப் படிப்புன்னா நாலே வருஷம்."

அப்பாவுக்கு வயிறு குளிர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

இங்கே ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கிறது. நூலகத்தில் புத்தகங்களைவிட நாற்காலிகள் அதிகம். விடுதி வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். காலையும் மாலையும் கட்டாய ஜெபம். பூச்சியியல் உண்டா என்று கேட்டேன்.

"பூச்சியா? மருந்தடிச்சாச்சு மேடம்" என்றான்.

எனக்கு எங்கள் ஊர் அரசுப் பல்கலைக்கழகம்தான் வேண்டும். கூரை ஒழுகும், நாலு பேர் அறையில் பத்துப் பேர் படுப்பார்கள். ஆனால் நைஜீரியாவின் மூலைமுடுக்கெல்லாம் அலைந்து பிடித்த பூச்சிகள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கின்றன. என்ன, ஏழு மாதமாகக் கதவு சாத்தியிருக்கிறது. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம்.

"உங்கண்ணன் டிமிலேஹின பாத்தேல்ல? நாலு வருஷப் படிப்புக்குப் போனவன், ஆறு வருஷமாகியும் முடிக்காம மரவள்ளி மாவக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டு வீட்டுல கெடக்கான். நீயும் கூட உக்காரப் போறியா?"

"கதவு தெறக்குற வரைக்கும் உக்காந்திருக்கேன்ப்பா."

"தெறக்கும், தெறக்கும். உனக்குப் பேரன் பொறந்தப்புறம் தெறக்கும்."

அப்போதே என்னைச் சேர்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். காரில் ஏறியதும், "இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத மோரெனிகே" என்றார். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும் வழியில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக வாசலில் காரை நிறுத்தினார். பெருங்கூட்டம் காத்திருந்தது.

"தலைவர் வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்பா சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்தான். ஏழு மாதமாக இந்த வேலைநிறுத்தத்தை நடத்துவதும் அவர்தான்.

"நம்ம பிள்ளைங்க படிக்கிற எடம் இது! இத விட்டுட்டு எங்க போவோம்?"

"எங்கயும் போகமாட்டோம்!"

சம்பளம் நின்றுபோன ஆசிரியர்களும் படிப்பு நின்றுபோன மாணவர்களும் தோளோடு தோள் சேர்த்துப் பாடினார்கள். அவர்கள் முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் தாங்கவில்லை. காரைவிட்டு இறங்கி முன்வரிசைக்குப் போனேன்.

"அட, தலைவரோட பொண்ணு! அடுத்த வருஷம் நம்ம மாணவி!" சங்கச் செயலாளர் என் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார். "நீயும் ரெண்டு வார்த்தை பேசும்மா."

அப்பா என்னைப் பார்த்தார். யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் மைக்கை வாங்கிக்கொண்டேன்.