சிங்கம் ஒட்டிய கண்ணாடி

கால்பந்து மைதானத்துக்கு வெளியே ஒரு வேன் நின்றது. அதன் பின்கண்ணாடியில், அணியின் சின்னமான சிங்கத்தை ரசிகர்கள் ஆசையாக ஒட்டியிருந்தார்கள். மைதானத்துக்குள் எழுந்த கோபக் கூச்சலைக் கேட்டதும் கண்ணாடி முணுமுணுத்தது. "தோத்துட்டாங்க போலிருக்கே!"

வெகு நேரம் கழித்து ரசிகர் கும்பல் வேனை நோக்கி வந்தது. முன்னால் வந்தவன் கையில் கொடிக்கம்பு இருந்தது; கொடியைக் காணோம்.

"தம்பி, கொடி எங்கேடா?" என்று கம்பைக் கேட்டது கண்ணாடி.

"அவனே கிழிச்சுப் போட்டுட்டான், அக்கா. ஜெயிச்ச அணியோட பஸ்ஸை நொறுக்கத்தான் இவங்க தேடினாங்க. அது எப்பவோ போயிருச்சு."

"அதுக்கு இங்கே ஏன் வர்றாங்க? இது இவங்க வந்த வேன்தானே? என் மேல இருக்கிற சிங்கத்தைப் பார்க்க மாட்டாங்களா?"

"காலையில என் தலையிலயும் அதே சிங்கம்தான் பறந்துச்சு," என்று தேம்பியது கம்பு. "கண்ணை மூடிக்கோக்கா."

அணியின் பெயரைக் கத்திக்கொண்டே அவன் கம்பை ஓங்கினான். முதல் அடி சிங்கத்தின் முகத்தில் விழுந்தது.