பச்சைக் கயித்துப் பிராது

"அந்தப் பாம்பு அப்பாவை ஏன்டி கடிக்கணும்? என்னையில்ல கடிச்சிருக்கணும்!"

சண்முகப்ரியா பச்சைக் கயித்து முடிச்சை நகத்தால நெம்பிக்கிட்டே கேட்டா. அது அவிழவே இல்ல. கொளஞ்சியப்பர் கோயில்ல, முனியப்பர் சந்நிதி. உச்சி வெயில். ஒரு ஆளு கிடையாது, காத்தும் கிடையாது. ஆனா சாமிகிட்ட நியாயம் கேட்டு எழுதி, கொத்துக்கொத்தா கட்டித் தொங்குற பிராதுச் சீட்டுங்க மட்டும் சலசலன்னு ஏதோ பேசிக்கிட்டே இருந்துச்சு.

பக்கத்துல அனிஷா, கழுத்துச் சங்கிலியில இருந்த சிலுவையைக் கடிச்சுக்கிட்டு நின்னா. ரெண்டு பேரும் ஒம்பதாங்கிளாஸ், ஒரே பெஞ்சு.

"உங்க சாமிக்கு நான் யாருன்னே தெரியாது. என்னை எதுக்குடி இழுத்தாந்த?"

"தெரியாததாலதான். உன்னை ஒண்ணும் பண்ணாது."

"அடுத்தவங்க பிராதை அவுக்குறது தப்பில்ல?"

"எங்கப்பா சாவுறது?"

அனிஷா திரும்பி, யாராச்சும் வர்றாங்களான்னு வாசலைப் பாத்துக்கிட்டா.

ஊருக்குத் தெரிஞ்சது பாதிக் கதை. ப்ரியாவோட அப்பா நல்லமுத்து, பீங்கான் கம்பெனியில சூளை அடுக்குறவரு. மூணு மாசம் முன்னாடி சூளைக்குள்ள டமார்னு வெடிச்சு, கொலு பொம்மை ஆர்டரு மொத்தமும் தூளாப் போச்சு. ஈரம் காயாத பொம்மை ஒண்ணு உள்ள இருந்தாப் போதும், அப்படித்தான் ஆவும். "இருவது வருஷமா அடுக்குறவனுக்கு ஈரம் தெரியலியா?"ன்னு முதலாளி அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாரு.

மீதிப் பாதி இவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ப்ரியா, தன் கையால செஞ்ச பொம்மையை, அதுவும் சுட்டு வரட்டும்னு, ஈரம் காயறதுக்குள்ள, சூளைக்குப் போற பலகையில ஒளிச்சு வச்சிட்டு வந்துட்டா. அடியில ஆணியால பேரு வேற கீறியிருந்தா.

மறுநாளே நல்லமுத்து இங்க வந்து பிராது எழுதிக் கட்டுனாரு, பொம்மை மூட்டை கட்டுற பச்சை நைலான் கயித்தால. "யாரு மேலப்பா?"ன்னு ப்ரியா கேட்டா. "தப்பு பண்ணவங்க மேல"ன்னாரு. அதுக்கு மேல பேசல. தொண்ணூறு நாளுக்குள்ள சாமி தண்டனை குடுத்துத் தீத்துடும்னு ஊருல எல்லாருக்கும் நம்பிக்கை.

தண்டனை தனக்குத்தான்னு அன்னியிலேருந்து ப்ரியாவுக்குத் தூக்கம் இல்ல. ஆனா ஒரு தலைவலிகூட வரல. மொத மாசம் அப்பா கால்ல கல்லு விழுந்துச்சு. ரெண்டாம் மாசம் தேளு. நேத்து, எண்பத்தெட்டாம் நாளு, பாம்பு. வர்ற வழியில ஆஸ்பத்திரிக்குக் காயின் போன்ல பேசுனா. 'இன்னும் கண்ணு தொறக்கலடி'ன்னு அம்மா அழுதாங்க.

"வாபஸ் வாங்கிட்டா என்ன?"

"கட்டுனவங்களே நேர்ல வந்து வாங்கணுமாம். கோயில் ஆபீசுல கேட்டுட்டேன்."

"நீ வேணும்னு பண்ணலியேடி. தெரியாமப் பண்ணா பாவம் இல்லன்னு எங்க ஃபாதரு சொல்லியிருக்காரு."

"வச்சதுதான் தெரியாம. சொல்லாம இருந்தது தெரிஞ்சுதானே?" ப்ரியா மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "சின்னதுல ஒரு கப்பை உடைச்சா, அடி விழுமோன்னுதான் பயம். இப்ப யாராச்சும் நாலு அடி அடிச்சாத் தேவலன்னு இருக்குது."

"சரி, அவுத்து என்ன பண்ணப் போற?"

ப்ரியா ஜாமென்ட்ரி பாக்ஸுலேருந்து பேனாவை எடுத்தா.

"சாமிக்கு ஆளு மாறிப்போச்சுடி. அப்பாவுக்குப் பேரு தெரியாம சும்மா கட்டிட்டாரு. அதுல என் பேரை எழுதிட்டா, அவரை விட்டுட்டு என்கிட்ட வந்துடும்ல?"

அனிஷா பேனாவைப் புடுங்கப் போனா. அதுக்குள்ள பச்சைக் கயிறு தானா வழுக்கிக்கிட்டு அவிழ்ந்துச்சு. சீட்டுங்களோட சலசலப்பு சட்டுனு நின்னுபோச்சு.

ப்ரியா காயிதத்தைப் பிரிச்சா. பேனாவுக்கு வேலையே இல்ல. அவ பேரு அதுல ஏற்கெனவே இருந்துச்சு.

'அப்பனே கொளஞ்சியப்பா, என் மவ ப்ரியா வச்ச பொம்மையை அடுக்குறப்பவே பாத்துட்டேன். தொட்டேன், ஈரம். எடுத்துட்டா மனசு ஒடிஞ்சிடுவான்னு தெரிஞ்சேதான் உள்ள வச்சேன். தப்பு என்னுது. தண்டனை எனக்கே குடு. அவளைத் தொட்டுடாத. இப்படிக்கு, நல்லமுத்து.'

சாமிக்கு ஆளு மாறவே இல்ல.

"அனிஷா... கட்டுனவரு கண்ணே தொறக்கலியே. இதை இப்ப யாருடி வாபஸ் வாங்குறது?"