லேபர் றூம் வாசல்ல ஹோரஸ்

"இருபத்தஞ்சாந் திகதிடா! டிசம்பர் இருபத்தஞ்சு! ஹோரஸும் அண்டைக்கித்தான் பொறந்த!"

றுமைஸ் கத்தின கத்துல, லேபர் றூம் கதவடியில நிண்ட அட்டெண்டன் அக்கா வாயில வெரல வெச்சிக் காட்டினா.

அவன் அடங்கல்ல. எப்பிடி அடங்குற? உள்ளுக்கு சஹ்லா. காலத்தால ஆறு மணிக்குக் கொண்டு போன, இப்ப பதினொண்டு. தலைப்புள்ள.

வெளிய புருசன் றுமைஸுக்கு வாய் நிக்காம ஓடுது. ஓடட்டும். ஓடுற மட்டும்தான் ஆள் நிப்பான். முதல் ஸ்கேன் எடுத்த அண்டைக்கி வாய் நிண்டிச்சி, அடுத்த நிமிசம் மயங்கி டொக்டர்ட கதிரையோட சரிஞ்சான்.

பக்கத்தில நிதர்சன். ஏழாம் வகுப்புல இருந்து கூட்டாளி. சேர்ச்சில ஞாயித்துக்கிழம புள்ளைகளுக்கு பைபிள் படிப்பிக்கிறவன். சஹ்லாட உடுப்பு பேக்கக் கொண்டந்து குடுத்துட்டுப் போவம் எண்டு வந்தான், மாட்டுப்பட்டான்.

றுமைஸ் மூணு நாளா யூடியூப்ல பாத்த அவ்வளவும் இப்ப நிதர்சன்ட தலையில. எகிப்துல ஹோரஸ் எண்டு பருந்துத் தல வெச்ச சாமியாம். அந்தக் கதையத்தான் அப்பிடியே கொப்பி அடிச்சி ஏசுக்கு வெச்சிட்டாங்களாம்.

நிதர்சன் கொட்டாவி உட்டுக்கிட்டே ஒடைக்கான்.

டிசம்பர் இருபத்தஞ்சு எண்டு பைபிள்ல ஒரு வரியும் இல்ல, பொறகு என்னத்தடா கொப்பி அடிக்கிற? ஹோரஸுக்குப் பன்னெண்டு சீடரா, ஒருத்தன்ட பேரச் சொல்லு பாப்பம். அவன்ட தாய் கன்னியாமா? செத்த புருசன்ட ஒடம்பத் துண்டு துண்டாப் பொறுக்கி ஒட்டி, அதுக்குப் பொறகு பெத்தவடா அவ.

மூணு பந்து. மூணு விக்கெட்.

றுமைஸுக்கு ஏறிட்டு. எழும்பி, இருந்த மர வாங்குல ஒரு கால வெச்சான்.

"சரி, அத உடு! ஒரு பொம்புள ஆம்புள இல்லாமப் புள்ள பெத்தாவாம்! எங்கயாவது நடக்குமா? பழைய கட்டுக்கதடா மச்சான்!"



எதிர்ல தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டு இருந்த நிந்தவூர் ராத்தா ஒராள் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தா.

"தம்பி, குர்ஆன்ல மர்யம் சூறா ஓதினதில்லையா நீங்க?"

றுமைஸ்ட கால் வாங்குல இருந்து தானா இறங்கிட்டு.

அல்லாவே! ஏசுதானே ஈஸா நபி! ஆம்புள இல்லாமப் பொறந்தவர் எண்டு குர்ஆன்லயே இரிக்கி! நிதர்சன வெட்டுறன் எண்டு ஓங்கி வெட்டினது தன்ட கால. அஸ்தஃபிருல்லா, அஸ்தஃபிருல்லா எண்டு அவன் முணுமுணுக்க, நிதர்சன் வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கான். இனி நானும் நீயும் ஒரே கட்சிடா எண்டு முதுகில அடிக்கான். ராத்தாவும் சிரிக்கா. வாங்கே குலுங்குது.

அந்தச் சிரிப்புக்குள்ள கதவு கொஞ்சம் தொறந்திச்சி. சுபைறா மாமி, சஹ்லாட உம்மா. றுமைஸக் கூப்பிடல்ல. நிதர்சனத்தான் கையக் காட்டிக் கூப்பிட்டா. சுடுதண்ணி வாங்கவாக்கும்.

ரெண்டு நிமிசத்தில வந்தான். மொகத்தக் கழுவிட்டு வந்திருந்தான்.

றுமைஸ் வாய் மூடி, கதவையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"மச்சான், மித்ராவ உட்டுட்டியே. ரோம் ஆக்கள்ற பழைய சாமி. அதுக்கு எனக்கிட்டப் பதிலே இல்ல" எண்டான் நிதர்சன்.

அவ்வளவுதான்! உயிர் வந்திட்டு றுமைஸுக்கு. போன இழுத்தெடுத்தான். மித்ராவும் விருந்து வெச்சான், ரொட்டி குடுத்தான், ஒங்கட சேர்ச்சிலயும் ரொட்டி! ஓம் எண்டான் நிதர்சன். மித்ராவுக்கும் ஞாயித்துக்கிழம! ஓம், அதுவும் சரிதான். கிரேக்கத்துச் சாமி ஒண்டு தண்ணியத் திராட்சரசமாக்கின! அட, அத நான் யோசிக்கல்லயே.

பத்தாததுக்கு நிதர்சனே ஒண்டு எடுத்துக் குடுத்தான். பாபிலோன்ல தம்மூஸ் எண்டு செத்து எழும்புற சாமி இருந்திச்சாமே, அது என்னண்டு?

இது யூடியூப்லயே வரல்லயேடா! றுமைஸ் அதையும் பறிச்சி அவனுக்கே அடிச்சான்.

முக்கா மணித்தியாலம். கரம்ல, கிரிக்கட்ல, கணக்குப் பாடத்தில, எதிலயும் ஒரு நாளும் நிதர்சன வெண்டதில்ல. இண்டைக்கி நிதர்சன் ஒண்டு உடாமத் தோக்கான்! தொண்ட கட்டிட்டு. போன்ல சார்ஜ் முடிஞ்சிட்டு. றுமைஸ் பறக்கான்.

கதவு முழுசாத் தொறந்திச்சி.

நர்ஸ் மிஸ்ஸி ஒரு பொட்டணத்தக் கொண்டந்து அவன்ட கையில வெச்சா. சிவப்பா, கண்ண மூடிக்கிட்டு, ஆரோடயோ கோவம் மாதிரி. பொம்புளப் புள்ள.

மாமி புள்ளைட வலது காதக் காட்டினா. பொறந்த புள்ளைட காதுல வாப்பா பாங்கு சொல்லணும். றுமைஸ் வாயத் தொறந்தான், கீச்சு எண்டு கோழிக்குஞ்சுச் சத்தம்தான் வந்திச்சி. அந்தச் சத்தத்திலயே, அழுது, சிரிச்சி, மூக்க உறிஞ்சி, சொல்லி முடிச்சான்.

தாய் நல்லா இரிக்கா எண்டா மிஸ்ஸி. மயக்கம் தெளிய ஒரு மணித்தியாலம் எடுக்கும், தையல் காயுற மட்டும் பாரம் தூக்க உடாதீங்க.

மயக்கமா? தையலா?

மாமி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. புள்ளைட கழுத்தில கொடி சுத்தி, இதயத் துடிப்புக் கொறஞ்சி, சஹ்லாவப் பின்பக்கக் கதவால ஒப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கிட்டு ஓடினதாம்.

றுமைஸ் புள்ளைய நெஞ்சோட அணைச்சிக்கிட்டு நிதர்சன் பக்கம் திரும்பினான்.

"எப்படா?"

நிதர்சன்ட சேட்டு முதுகு முழுக்க வேர்வையில நனஞ்சிருந்திச்சி. கைய நீட்டிப் புள்ளைட கால ஒருக்காத் தொட்டுப் பாத்தான்.

"நீ மித்ராவத் தொடங்கக்குள்ள."