ஆமை, ஏணி, மாமியார் சட்டி

“அப்பன் இல்ல, சித்தப்பன் இல்ல. எதிர்ல உக்காந்து பேச ஒரு ஆளே இல்லாத பயலுக்கு நம்ம எபெலேயைக் கொடுக்கணுமா?”

நெபோலிசா எங்கள் பங்காளிகளில் மூத்தவர். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெண்ணின் அப்பா ஒபியோராவால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

செய்கிற எண்ணமும் ஒபியோராவுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. “ஆமாண்ணே. ஆள் இல்லாம வந்தான்னா வாசலோட அனுப்பிடுவோம்” என்று ஒத்து ஊதினார்.

கதவுக்குப் பின்னால் எபெலே விசும்புவது கேட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற அப்பனா இவர்?

அந்தப் பையன் கெனே பெண் கேட்டு வந்தான். தனியாக வரவில்லை. கோடு போட்ட கம்பளிக் குல்லாவும் கைத்தடியுமாக ஒரு பெரியவர் முன்னால் வந்தார்.

“நான் உஸோர். இவனுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா. ஆத்துக்கு அந்தப் பக்கம்.”

“வாங்க மாஸி உஸோர், உக்காருங்க” என்று நெபோலிசா, ‘ஐயா’வுக்குப் பதில் நாங்கள் சொல்லும் ‘மாஸி’ போட்டு வரவேற்று, விருந்தாளிக்கு வைக்கும் கோலா கொட்டைத் தட்டை நீட்டினார். உஸோர் இரண்டு கையாலும் வாங்கி, முறைப்படி திருப்பிக் கொடுத்தார். நெபோலிசா அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்னோர்களை வேண்டிக் கொட்டையை உடைத்தார்.

“சரி, வந்த விஷயத்தைச் சொல்லுங்க.”

வந்த விஷயத்தை எங்கள் ஊரில் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். பெண் வேண்டும் என்று பச்சையாகக் கேட்பவன் காட்டான். பழமொழியில்தான் கேட்க வேண்டும். பழமொழிக்கு யாரும் அர்த்தம் கேட்டுவிடவும் கூடாது. கேட்டால், கேட்டவனைப் பெற்றவளைத்தான் ஊர் கேலி பேசும்.

உஸோர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்று சொன்னார்.

அதில் ஓர் ஆமை வந்தது. அது ஏணியில் ஏறியது. கடைசியில் மாமியாரின் சட்டி உடைந்தது.

கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு யாரோ “அடடா!” என்றார்கள். உடனே எல்லோரும் தலையாட்டினோம்.

“என்னய்யா சொல்றாரு?” என்று பக்கத்திலிருந்தவன் காதைக் கடித்தேன்.

“ஆழமான விஷயம்.”

“அதான் என்ன?”

“ஏன், உனக்குப் புரியலையா?” என்றான். அவனுக்கும் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

பின்வரிசையில் கிசுகிசு கிளம்பியது.

“ஆமைன்னு நம்ம பொண்ணைத்தான் சொல்றாரு. நடை மெதுவாம்.”

“இல்லடா. சட்டி உடைஞ்சா, பொண்ணு வேணாம்னு அர்த்தம்.”

“ஏணிக்கு ரெண்டு கால். ரெண்டு பொண்ணா கேக்கறாரு!”

ஒபியோரா துள்ளி எழுந்தார். “என் வீட்டுக்கே வந்து ஏணி போடறியா?” என்று கத்திவிட்டு, பல்லியும் குடையும் வருகிற ஒன்றை எடுத்து வீசினார். அதையும் நாங்கள் யாரும் முன்னே பின்னே கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தோம்.

உஸோர் சளைக்கவில்லை. ஓர் ஆந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டார். ஒபியோரா அந்தச் செருப்பைச் சேற்றில் தள்ளினார். உஸோர் ஒரு தவளையை விட்டு அதை எடுக்க வைத்தார்.

மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்பது முறை. கெனே வியர்வையில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எபெலே கதவிடுக்கு வழியாக அப்பாவை முறைத்தாள். கைகூடி வந்ததை இந்த மனுஷன் கெடுக்கிறாரே!

“அந்தத் தவளைக்கு அபராதமா ஓர் ஆடு வைய்யா!” என்றார் ஒபியோரா.

“ஆட்டைத்தான் தவளை முழுங்கிடுச்சே!” என்றார் உஸோர்.

“அடடா!” என்றது கூட்டம். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

நெபோலிசா கைத்தடியைத் தரையில் தட்டினார். எல்லோரும் அடங்கினார்கள்.

“இத்தனை பேர் இருக்கோம். இவர் பேச்சுக்கு ஒருத்தராலயும் குத்தம் சொல்ல முடியல. இவ்வளவு ஆழமாப் பேசறவர் சாதாரணக் குடும்பத்துல பொறந்திருக்க மாட்டார். பையனுக்கு ஆள் இருக்கு. பொண்ணைக் கொடுத்துடு ஒபியோரா.”

“அண்ணன் சொன்னா சரிதான்” என்று ஒபியோரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முனகினார். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். பனங்கள் கொண்டுவரச் சொல்லி என்னை விரட்டினார்கள்.

கள் குடம் கொல்லையில் இருந்தது. அங்கே போனால், கிழங்குக் கொட்டகைக்குப் பின்னால் ஒபியோரா உஸோரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார். அடிதடியாகிவிட்டது என்று பதறி ஓடினேன்.

“ஏய்யா, ராப்பகலா உக்காந்து உனக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அந்தப் பழமொழியெல்லாம் எங்கய்யா போச்சு?”

“அத்தனை பேரைப் பாத்ததும் மறந்துபோச்சு மாஸி. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.”

“நானும் வாயில வந்ததைச் சொல்லித்தானே உன்னைக் காப்பாத்தினேன்! பொண்ணு அழறது தாங்கல, பையனுக்கோ நாதியில்லை. அண்ணன் விரட்டிடக் கூடாதேன்னு உனக்குச் சித்தப்பா வேஷம் கட்டி அனுப்பினா, ஆமையை ஏணியில ஏத்தறியே!”

பின்னால் யாரோ இருமினார்கள்.

நெபோலிசா நின்றுகொண்டிருந்தார். ஒபியோராவின் கை சட்டையிலிருந்து நழுவியது. இத்தனை பாடும் வீணாய்ப் போயிற்றே!

கிழவர் உஸோரை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன மாசம் ஆத்தங்கரைச் சந்தையில என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினது நீதானே?”

உஸோர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணே...” என்று இழுத்தார் ஒபியோரா.

“கல்யாணத்தன்னிக்காவது விரல்ல இருக்கற கிரீஸை நல்லாக் கழுவிட்டு வரச் சொல்லு, ஒபியோரா. என்னை மாதிரி வேற யாராவது பாத்துத் தொலைக்கப் போறாங்க.”