தொட்டுப் பார்க்காதவர்

"கிருமி தாக்கி, ரத்தத்துல அமிலம் ஏறுற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?" பச்சிளங்குழந்தைக்கு சலைன் ஏற்றியபடியே தலைமை டாக்டர் அந்தத் தாயிடம் சீறினார். "நேத்தே வேகவேகமா மூச்சு வாங்கியிருக்கும். பாலும் குடிச்சிருக்காது."

"ஆமா மேடம். நேத்தே டாக்டர்கிட்ட சொன்னேன். முதல் பிரசவம்னா எல்லாரும் இப்படித்தான் பதறுவீங்கன்னுட்டார். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கல."

"எந்த மடையன் அவன்? இங்கே வேலை பார்க்கிறவனா இருந்தா இன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடறேன்."

"உங்க பின்னாடிதான் நிக்கிறார்."

ரிப்போர்ட்டோடு நின்றிருந்த, புதிதாகச் சேர்ந்த உதவி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"குழந்தையோட அப்பாதான் மேடம்," என்றாள் அவள். "வேலையை விட்டு நீங்க அனுப்புங்க. வீட்டை விட்டு நான் அனுப்பிக்கறேன்."